ஆமை கண் திறந்த வாரம்

திருவொற்றியூரில் நான் ஆபரேட்டராக வேலை பார்த்த தியேட்டருக்கு நேர் எதிரில், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற ஒருவரின் டீக்கடை இருந்தது. காட்சி முடிந்து கேட்டைத் திறந்தால், முதல் ஆளாக வெளியே வருகிறவன் பார்ப்பது அவர் முகத்தைத்தான். அவரும் அடுப்பிலிருந்து பாதி திரும்பி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னா, எப்டி கீது?"

அவன் ஏதோ சொல்வான். சூப்பர் என்பான், மொக்கை என்பான், ஒரு தபா பார்க்கலாம் என்பான். எது சொன்னாலும் அக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "வாய உடு நைனா, மூஞ்சியக் காட்டு," என்பார். நைட்டியின் மேல் போட்டிருக்கும் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, மீன் வாங்கப் போன இடத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர் மாதிரி அவன் முகத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் எவ்வளவு பால் காய்ச்சுவது என்று முடிவாகும்.

புரொஜெக்டர் அறையின் சின்னக் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிவதெல்லாம் பின்மண்டைகள். ஒரு படம் ஜனங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்று பின்மண்டையை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் எந்தப் புதுப்படம் என்றாலும் முதல் காட்சி முடிந்ததும் படியிறங்கி, ரோட்டைக் கடந்து, அக்காவிடம்தான் கேட்பேன். எங்கள் மேனேஜரும் அப்படியே. ஆனால் அவர் நேரில் வர மாட்டார். "டீ வாங்கினு வர்றப்போ அப்டியே கேட்டுனு வா," என்று என்னை அனுப்புவார்.

படம் நன்றாக இருந்தால் ஜனம் ரோட்டைக் கடக்க மறந்து நடுவில் நிற்கும், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடித்தால்தான் நகரும் என்பது அக்காவின் கணிப்பு. நன்றாக இல்லையென்றால் வெளியே வரும்போதே ஆளாளுக்குப் போன் கையில் இருக்கும். புருஷன் நாலடி முன்னால் போனால் படம் அவன் கூட்டி வந்தது, மோசம். பெண்டாட்டி முன்னால் போனால் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது, அதுவும் மோசம். இருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டு வந்தால் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிடும். "இவுங்க படமே பாக்கல," என்பார்.

ஒருமுறை ரசிகர் மன்றத் தலைவர் ஒருவர், மாலையும் கழுத்துமாக, முதல் காட்சி முடிந்து நேரே கடைக்கு வந்தார். அன்று காலை கட்அவுட்டுக்குப் பால் ஊற்றியவர் அவர்.

"அக்கா, நூறு நாளு. எய்தி வச்சுக்கோ," என்றார்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு டீ போட்டார். "இஞ்சி நெறைய தட்டிப் போட்டுகீறேன். குடி. அயுவாத."

"நான் எங்கக்கா அயுவுறேன்?" என்றவர், கிளாஸை வாயில் வைத்ததும் மளமளவென்று அழுதுவிட்டார். அந்தப் படம் மூன்றாம் நாளே மாறியது.

சினிமாவோடு நின்றிருந்தால் அவருடைய பார்வை எல்லோருக்கும் வேடிக்கையாகவே இருந்திருக்கும். ஆனால் அக்காவால் எங்கேயும் நிறுத்த முடியாது. மணலியிலிருந்து டேங்கர் ஓட்டி வருகிற ஒருவரை, டீயைக்கூடக் கொடுக்காமல், "கண்ணு மஞ்சளா கீது, வண்டிய ஓரங்கட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ," என்று விரட்டினார். மனிதர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். ஒரு மாதம் கழித்து, பாதியாக இளைத்து, கையில் ஒரு கிலோ திராட்சையோடு வந்து நின்றார். காமாலையாம். அக்கா திராட்சையை வாங்கி வைத்துக்கொண்டு மறுபடியும் அவர் முகத்தை ஆராய்ந்தார். "இன்னும் ரெண்டு வாரத்துக்கு வண்டி எடுக்காத," என்றார். இந்த முறை அவர் கேட்டுக்கொண்டார்.

இதே பார்வைதான் அவரை மகளிடமிருந்தும் பிரித்தது.

அக்காவுக்கு ஒரே மகள். கணவர் இறந்த பிறகு டீ ஆற்றியே படிக்கவைத்து, ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலைக்கு அனுப்பியிருந்தார். அங்கே ரத்தம் கொடுக்க வந்த ஒரு பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. மணலி புதுநகரில் பெயின்ட் கடை வைத்திருக்கிற குடும்பம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மெதுவாகப் பேசுவார்கள். எது எப்படி இருந்தாலும் "நல்லாருக்கு" என்பார்கள். இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டு கல்யாணமும் நடந்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் அக்கா ஒரு மண்டபம் பிடித்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் கறி விருந்து போட்டார். நானும் பந்தியில் தண்ணீர் ஊற்றினேன். சாப்பிட்டுக் கை கழுவ வருகிற இடத்தில் அக்கா போய் நின்றுகொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா கை கழுவி நிமிர்ந்தார்.

"எப்டி கீது அண்ணி, சாப்பாடு?"

"ரொம்ப நல்லாருந்துச்சு மதினி."

"பொய் சொல்லாதீங்க. எலையில கறி அப்டியே கீது. மூஞ்சியும் சொல்லுது. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க, நான் இன்னா கடிச்சா துன்னுடப் போறேன்?"

நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா சிரிப்பு மாறாமல் நின்றார். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் பெரியம்மாவைப் பார்த்து, "இவுங்களுக்குக் கறி இல்ல, இந்தக் கல்யாணமே புடிக்கல," என்று அக்கா சொன்னார். அது உண்மை என்று அந்தப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. அதனால்தான் யாராலும் அதைச் சிரித்து மழுப்ப முடியவில்லை.

மகள் பட்டுப்புடவையோடு ஓடி வந்தாள். அம்மாவைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துப் போனாள்.

"உனுக்கு மூஞ்சி மட்டுந்தான் தெரியும். மனுசங்களத் தெரியாது. நானா கூப்பிடற வரைக்கும் எங்க வூட்டாண்ட வராத."

ஒன்றரை வருடம் அவள் கூப்பிடவில்லை. அக்காவும் போகவில்லை. கடையில் யாராவது மகளைப் பற்றிக் கேட்டால், "நல்லாருக்கு," என்பார், அந்தத் தூத்துக்குடிக்காரர்களைப் போலவே.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது.

மூன்று பாகமாக எடுக்கப்பட்ட பெரிய கதை. கடலுக்கு நடுவே ஒரு தீவு ராஜ்யம். அண்ணனும் தங்கையும் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். முதல் பாகம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்ததால் பாதிப் பேருக்கு யார் அண்ணன் பக்கம், யார் தங்கை பக்கம் என்பதே மறந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் உட்காரும்போதே சீட்டுக்குச் சீட்டு முதல் பாகத்தின் கதையைத் தப்புத்தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணி நேரம் போர். பறக்கிற குதிரை, எரிகிற கோட்டை. கடைசியில் கடல் பின்வாங்குகிறது. தீவு லேசாக நடுங்குகிறது. பார்த்தால் அது தீவே இல்லை, ஆயிரம் வருடமாக உறங்குகிற ஒரு ஆமையின் முதுகு. வற்றிய கடலில் அதன் தலை தெரிகிறது, வாயில் வரிசையாகப் பல். கோபுரம் உயரத்துக்கு ஒரு இமை மேலே போகிறது. திரை முழுக்க ஒரே ஒரு கண். அவ்வளவுதான். இருட்டு. மீதி மூன்றாம் பாகத்தில்.

நான் விளக்கைப் போட்டேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் வேலைக்காலத்தில் முதல் தடவையாகப் பின்மண்டைகள் எல்லாம் பக்கவாட்டில் திரும்பி ஒன்றையொன்று பார்த்தன. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

நான் கீழே இறங்கிக் கடைக்குப் போனபோது அக்கா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா நைனா படம் அது? ஒருத்தன் மூஞ்சியும் எனக்குப் பிரியல. சிரிக்கிறான், திட்டுறான், மறுக்கா டிக்கெட் எடுக்க ஓடுறான். டீயக் கையில வச்சுகினு குடிக்க மாட்றான்."

கூட்டம் வீட்டுக்குப் போகவில்லை. ரோட்டோரம், கடை பெஞ்சு, நிறுத்தி வைத்த லாரியின் படிக்கட்டு என்று எங்கும் ஒரே தகராறு. ஆமை கோபமாகக் கண் விழித்ததா, அன்பாகவா? கோபம் என்றால் மூன்றாம் பாகத்தில் தீவு மூழ்கும். அன்பு என்றால் தங்கை ஜெயிப்பாள். முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்திருந்த மீன்காரர் ஒருவருக்கு இது எதுவுமே பிரச்சினையில்லை. "அது வாயில பல்லு வச்சுகீறாங்க. ஆமைக்கு ஏதுப்பா பல்லு?" என்று போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் கடையில் இரண்டு பெஞ்சும் இரண்டு கட்சியாகிவிட்டன. கோபக் கட்சிக்கு இடப்பக்கப் பெஞ்சு, அன்புக் கட்சிக்கு வலப்பக்கப் பெஞ்சு. பெஞ்சு மாறி உட்கார்ந்த ஒருவரை எழுப்பி விட்டார்கள். கடைசியில் யாரோ சொன்னார்: "மூஞ்சியப் பாத்து சொல்றது நம்ம அக்காவோட வேல. அக்கா போய்ப் பாத்துட்டு வரட்டும். அக்கா சொன்னா சொன்னதுதான்."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அக்காவுக்கு வெட்கமும் பெருமையும் தாங்கவில்லை. "மூணு மணி நேரம் கடைய வுட்டு என்னால உக்கார முடியாது," என்றார். வடை மாஸ்டரிடம் அடுப்பை ஒப்படைத்துவிட்டு, மதியக் காட்சி முடிகிற கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் என்னோடு மாடிப்படி ஏறி வந்தார். என் கண்ணாடியில் என் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை ஒட்டி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கண் திறந்தது. அக்கா துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். படம் முடிந்ததும் தடதடவென்று இறங்கினார்.

கேட்டைத் திறக்க, மதியக் காட்சி ஜனமும் சேர்ந்து கடைமுன் குவிந்தது. அக்கா பெஞ்சின்மேல் ஏறி நின்றார்.

"அது கோவந்தான்," என்றார். "இம சுருங்கிகினு கீது. கண்ணு மணி இறுகிகினு கீது. ஆயிரம் வருசம் முதுகு மேல ஏறி நின்னு சண்ட போட்டா யாருக்குத்தான் கோவம் வராது?"

இடப்பக்கப் பெஞ்சு கைதட்டி விசிலடித்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"கோவம் இல்ல. தப்பா சொல்றே."

"யாரு அது? முன்னால வந்து பேசு," என்றார் அக்கா.

கூட்டம் விலகியது. மகள் வந்தாள். பின்னால் மாப்பிள்ளை, தன் பெண்டாட்டியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு. மற்ற தியேட்டர்களில் டிக்கெட் இல்லாததால் இங்கே வந்ததாகப் பின்னால் அவர் என்னிடம் சொன்னார். ஆனால் அந்த மதியம் மணலிப் பக்கத்தில் எத்தனையோ டிக்கெட் கிடைத்திருக்கும்.

"கோவம்னா கண்ணு சுருங்கும். அது பெருசாத்தான் ஆவுது," என்றாள் மகள். "அது பயப்படுது. எய்ந்துகினா முதுகு மேல கீறவங்கள்லாம் வியுந்துடுவாங்களேன்னு பயப்படுது. அதனாலதான் கண்ண மட்டும் தொறக்குது. ஒடம்ப அசைக்கவே இல்ல."

"அசைக்கலியா?"

"இல்லம்மா. மூணு மணி நேரத்துல ஒரே ஒரு வாட்டிதான் லேசா நடுங்குது. நீ கடைசி அஞ்சு நிமிசம்தான் பாத்த, உனுக்கு எப்டித் தெரியும்?"

"நான் அஞ்சு நிமிசம்தான் பாத்தேன்னு உனுக்கு எப்டித் தெரியும்?"

மகள் தியேட்டர் பக்கம் கையைக் காட்டினாள். "நீ ஆபரேட்டர் ரூமாண்ட வந்து பாக்கப் போறேன்னு க்யூல பேசிகினாங்க. அப்பப்போ திரும்பித் திரும்பிப் பாத்தேன். கடைசியிலதான் ஆபரேட்டர் ஜன்னல்ல ரெண்டு தல இருந்துச்சு."

அக்கா பெஞ்சிலிருந்து இறங்கினார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. பயம் என்றால் கண்ணில் வெள்ளை தெரிய வேண்டும் என்றார். ஆமைக்கு ஏது வெள்ளை என்றாள் மகள். "அதுக்குப் பல்லே கிடையாது," என்று மீன்காரர் நடுவில் புகுந்தார். அம்மாவும் மகளும் ஒரே குரலில் அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். இருவரும் முகத்துக்கு முகம் கையை நீட்டி, ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் ஆரம்பித்து, அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். ஒன்றரை வருடமாகப் பேசாமல் இருக்கிறோம் என்பது இருவருக்கும் மறந்தே போயிருந்தது. மாப்பிள்ளை மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று அக்கா பாதி வாக்கியத்தில் நின்றார். மகளின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை ஒருமுறை பார்த்தார். அவள் கையைப் பிடித்து அடுப்புக்குப் பின்னால் கூட்டி வந்தார். கூட்டத்தைச் சமாளிக்க, கிளாஸ் கழுவிக்கொண்டு நான் அங்கேதான் குனிந்திருந்தேன்; மகள் என்னைக் கவனிக்கவில்லை.

"எத்தினி மாசம்?" என்று கிசுகிசுத்தார்.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு. அவுருக்கு மட்டுந்தான் தெரியும். அத்தைக்குக்கூட இன்னும் சொல்லல. மூணு மாசம் ஆவட்டும்னு டாக்டரம்மா சொல்லிகீறாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

"சொல்ல மாட்டேன்."

"நாளிக்கு வூட்டுக்கு வா. ஆனா..."

"வாய மூடிகினு வரணும். அதானே?"

"ஆமா."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனாள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். "நீ எதுவும் கேக்கல."

"எதுவும் கேக்கல அக்கா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை என் வண்டியில் வைத்து மணலி புதுநகருக்குக் கூட்டிப் போனேன். அவர் கேட்டுக்கொண்டதால்தான் நானும் உள்ளே போனேன். "நான் வாயத் தொறக்கப் போறேன்னு தெரிஞ்சா என் கால மிதிச்சுடு," என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். நைட்டி இல்லாமல் புடவையில் அவரை நான் பார்த்தது அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

மாப்பிள்ளையின் அம்மா வாசல் வரை வந்து, "வாங்க மதினி, உக்காருங்க," என்றார். மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தார். மகள் பலகாரம் எடுத்து வர அடுப்படிக்குள் போனாள். நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நான்தான் பேச்சைத் தொடங்கி, "அந்தப் படம் பாத்தீங்களாம்மா?" என்றேன்.

"வெள்ளிக்கெழமையே மவன் கூட்டிட்டுப் போனான். நல்லாருந்துச்சு."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். எனக்கே தெரிந்தது, அது பொய். அக்காவின் உதடு பிரிந்தது. நான் காலை மிதித்தேன். அவர் உதட்டை மூடிக்கொண்டு, "சந்தோசம் அண்ணி," என்றார்.

அந்த அம்மா அக்கா பக்கம் திரும்பினார். "என்ன மதினி, அன்னைக்கு மாதிரி பொய்யின்னு சொல்லலியா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கு நான் பேசனது தப்பு அண்ணி. பெரியவங்க மனசு நோவுற மாரி பேசிட்டேன்."

"நீங்க சொன்னது நெசந்தான். அந்தக் காரம் எனக்கு ஆகல. எங்க அக்காளுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமும் இல்ல. ஆனா நூறு பேருக்கு முன்னால சொன்னத என்னத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லிருக்கலாம்," என்றார் அக்கா.

அந்த அம்மா எழுந்து வந்து அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "சரி, விடுங்க. படம் பாதி தூங்கிட்டேன், அதச் சொல்லிருதேன். கடைசியில அந்த ஆமைக்குத்தான் முழிச்சேன்."

அக்கா மெல்ல நிமிர்ந்தார். அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அது கண்ணு எப்டி கீது அண்ணி? நான் கோவம்ன்றேன். பாப்பா பயம்ன்றா."

"ரெண்டும் இல்ல. எங்க ஊரு கடக்கர ஊரு. சின்னப்புள்ளையில எத்தன ஆமயப் பாத்திருக்கேன். அது வயித்துல முட்டையோட இருக்குத ஆம. கண்ணப் பாத்தாலே தெரிஞ்சிரும்." அவர் குரலைத் தாழ்த்தி, அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஆனா அதுவா வாயத் தொறந்து சொல்லுத வரைக்கும் நாம கேக்கப்பிடாது பாத்துக்கோங்க. மூணு வாரமா நானும் ஒண்ணும் தெரியாதவ மாதிரிதான் இருக்கேன்."

நான் காலை மிதிக்கப் போனேன். அதற்கு அவசியமில்லை. அக்கா வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார், சத்தம்தான் வரவில்லை. பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நிறுத்துவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், மறுபடியும் ஆரம்பிப்பார்கள்.

மகள் முறுக்குத் தட்டோடு வெளியே வந்தாள். "இன்னா சிரிப்பு ரெண்டு பேருக்கும்?"

"படத்தப் பத்திதான் பேசுதோம்," என்றார் மாமியார்.

மகள் தட்டை மேசைமேல் வைத்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உனுக்குமா தெரியும்?"

நான் ஒரு முறுக்கை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.